அட்டைமலையிலிருந்து போன கடுதாசி

மகனே,

கடிதத்தின் தலையில் வழக்கமாக எழுதுகிற ‘இவ்விடம் யாவரும் க்ஷேமம்’ என்ற வரியை இதில் நான் எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயந்துவிடாதே. முழங்கால் வலி மட்டும் இருக்கிறது, அது பழைய கதை. அந்த ஒரு வரியை ஊரார் பேரில் பொய்யாக எழுதி எழுதிச் சம்பளம் வாங்கியவன் நான். உனக்கு எழுதுகிற இந்தக் கடிதத்திலாவது அது இல்லாமல் இருக்கட்டும் என்று பார்க்கிறேன். ஜோகுபாளையத்து வீட்டின் முன்னறையில், உன் அம்மா தையல் மிஷின் போட்டிருந்த ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். காலையில் தொடங்கினேன். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாகிவிட்டது.

போன ஞாயிறு நீ மைசூருக்கு ரயில் ஏறுவதற்கு முன், பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றோம் அல்லவா? ராயப்பன் மாமா பேக்கரியிலிருந்து சூடாக ஒரு பொட்டலம் பன் கொண்டுவந்து உன் கையில் திணித்தார். “இன்னா தம்பி, அட்டைமலைக்கா போற? உங்கப்பா குந்தியிருந்த அதே நாக்காலியா?” என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அங்க எங்க அக்கா ஒருத்தி இருக்குது, சவரியம்மான்னு. இருக்குதோ போயிடுச்சோ தெரியல. இருந்தா, உன் தம்பி ராயப்பன் கேட்டான்னு மட்டும் சொல்லுப்பா. பதில் பேசலேன்னாலும் பரவால்ல” என்றார். நீ கட்டாயம் சொல்வதாக வாக்குக் கொடுத்தாய். நான் உன் டிரங்குப் பெட்டியின் கயிற்றை இறுக்குகிற மாதிரி குனிந்துகொண்டேன். கயிறு இறுக்கமாகத்தான் இருந்தது. ஜட்கா வண்டியில் போகும்போது நீ கேட்டாய், அந்த அக்கா ஏன் அவரோடு பேசுவதில்லை என்று. ஏதோ பழைய குடும்பச் சண்டை என்று சொல்லி வாயை மூடிக்கொண்டேன். அந்தச் சண்டையை உண்டாக்கியவன் நான்தான்.

நீ பிறந்தது அந்த மலையில்தான் என்றாலும் உனக்கு நாலு வயதாகும்போதே இறங்கிவிட்டோம். அதனால் உனக்குத் தெரிந்த அட்டைமலையெல்லாம் நான் சொன்ன அட்டைமலைதான். மூடுபனி, சவுக்கு மாதிரி நெட்டையாக நிற்கும் சில்வர் ஓக் மரங்கள், ஆலையிலிருந்து வரும் தேயிலை வாசனை, ஓடைத் தண்ணீரின் ருசி என்று வாய் ஓயாமல் சொல்லியிருக்கிறேன். எல்லாம் நிஜம். ஆனால் மனிதர்களைப் பற்றி நான் அதிகம் சொன்னதில்லை என்பதை நீ கவனித்தாயா? உன் அம்மா கவனித்திருந்தாள்.

அட்டைமலை என்பது கூலிக்கு வந்த ஜனங்கள் வைத்த பெயர். முதலில் வந்த துரை சீமையில் தான் பிறந்த ஊரின் பெயரை எழுதிப் பலகை அடித்தாராம். அது யார் வாயிலும் நுழையவில்லை. மழைக்காலத்தில் காலில் ஏறின அட்டைகளைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே ஜனங்கள் ஒரு பெயர் சொன்னார்கள், அதுதான் நிலைத்தது. அப்போது அது காப்பித் தோட்டம். சோலையை வெட்டி எரித்துக் காப்பி வைத்தார்கள். சில வருஷம் நன்றாகக் காய்த்தது. பிறகு இலையின் அடியில் மஞ்சள் தூள் ஒட்டினாற்போல ஒரு நோய் வந்து சரிவு முழுக்க மொட்டையாகிவிட்டது. அந்தத் துரை தோட்டத்தை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுக் கப்பல் ஏறினார். அடுத்து வந்தவர் காப்பியைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை வைத்தார். சரிவில் கயிறு பிடித்து, குழி எடுத்து, கன்று நட்டவர்கள் தருமபுரி, சேலம் பக்கத்து ஆட்களும் மைசூர்ச் சீமை ஆட்களும். நான் வேலைக்குப் போனபோது அவர்களில் வயதானவர்கள் சிலர் இருந்தார்கள். ஒவ்வொரு வரிசையும் யார் கையால் நட்டது என்று அவர்களுக்குத் தெரியும். ஆபீசில் எங்களுக்கு நம்பர்தான் தெரியும். கூலி ஜனங்கள் குடியிருந்த லயங்களுக்குப் பின்னால் பிடுங்காமல் விட்டுப்போன காப்பிச் செடி ஒன்று, சித்திரை மழை விழுந்த கொஞ்ச நாளில் வெள்ளையாகப் பூத்து நிற்கும். இன்னும் இருந்தால் பார்.

தேயிலையைச் செடி என்கிறோம். அது மரம், மகனே. விட்டுவிட்டால் கூரைக்கு மேல் வளர்ந்துவிடும். அதை இடுப்பு உயரத்திலேயே கவாத்து வெட்டி வெட்டி நிறுத்தி வைப்பதுதான் அங்கே பாதி வேலை. பூக்கக்கூடாது, காய்க்கக்கூடாது, கொழுந்து மட்டும் விட்டுக்கொண்டே இருக்கவேண்டும். அந்த இடத்தின் குணம் இதுதான் என்று எனக்குப் பிறகு தோன்றியது. மலையில் யாரும் தன் முழு உயரத்துக்கு நிற்கவில்லை. ஆள் கூட்டிவந்து வேலை வாங்கும் மேஸ்திரி முன்னால் ஆள் குனிந்தான், என் முன்னால் மேஸ்திரி குனிந்தான், துரை முன்னால் நான் குனிந்தேன். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது, தோட்ட ஆபீசில் ரைட்டர், அதாவது எழுத்து வேலை பார்க்கும் குமாஸ்தா. குனிவது எனக்கு அவமானமாகக்கூடத் தெரியவில்லை. நல்ல கையெழுத்து, நல்ல வேலை, தகரக் கூரை போட்ட தனி வீடு என்று பெருமையாகவே இருந்தேன்.

அங்கே ஞாயிறு மத்தியானம் கடுதாசி நாள். ஆபீஸ் வராந்தாவில் நான் மேஜை போட்டு உட்கார்ந்துகொள்வேன். ஜனங்கள் வரிசையாக வந்து தரையில் உட்கார்ந்து, ஊருக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லுவார்கள். நான் எழுதுவேன், அவர்கள் ரேகை வைப்பார்கள். தபால் பை திங்கட்கிழமை மலை இறங்கும். படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதத்தை அளக்க ஒரே ஒரு வழிதான் உண்டு என்பதை நீ அங்கே போனதும் தெரிந்துகொள்வாய். அவர்கள் பேனாவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நிறையப் பேசினால் பேனா நிறைய ஓடவேண்டும். அழுது அழுது அரை நாழிகை பேசிவிட்டு, தாளில் நாலு வரி மட்டும் கண்டால், “அவ்வளவுதானா ஐயா?” என்று கேட்பார்கள். அதனால் தாள் நிறையவேண்டும்.

யுத்தத்துக்கு முன்னால், அதாவது முதல் யுத்தத்துக்கு முன்னால், ஒரு வருஷம் மலைக்காய்ச்சல் ரொம்பக் கொடுமையாக வந்தது. லயத்துக்கு இரண்டு மூன்று பேர் போனார்கள். பிழைத்தவர்களில் பாதிப் பேர் ஓடிப்போனார்கள். கொழுந்து பறிக்க ஆள் இல்லாமல் முற்றிப்போனது. துரை என்னைக் கூப்பிட்டு, காய்ச்சல் சமாசாரம் எந்தக் கடுதாசியிலும் மலை இறங்கக்கூடாது, இறங்கினால் புது ஆள் ஒருத்தனும் வரமாட்டான் என்றார். சரி துரை என்றேன். சொல்லமுடியாது என்று சொல்லியிருக்கலாம். கடுதாசி எழுதுவதையே நிறுத்தியிருக்கலாம். இரண்டும் அன்று என் புத்தியில் வரவேயில்லை என்பதுதான் வெட்கக்கேடு.

அடுத்த ஞாயிறு சவரியம்மாள் வந்து உட்கார்ந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். புருஷன் முந்தின வருஷமே போய்விட்டான். அந்த வாரம் மூன்று வயதுப் பிள்ளையும் காய்ச்சலில் போயிருந்தது. பட்டாளம் இருக்கிற பெங்களூர்த் தண்டில், இதே ஜோகுபாளையத்தில், அவள் தம்பி ராயப்பனும் கடைசித் தங்கை மரியாயியும் இருந்தார்கள். ராயப்பனுக்குச் சபைப் பள்ளிக்கூடத்துப் படிப்பு உண்டு, எந்தக் கடுதாசி போனாலும் அவரே படித்துவிடுவார். அவள் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. “தம்பி, எம்புள்ள போயிட்டான்டா. ஒரு பொட்டு மருந்து எறங்கல. நான் எப்பிடியோ கெடக்கறேன். மரியாயி அக்காவப் பாக்கணும்னு அழுதான்னா கட்டிப் போட்டு வையி. இங்க மட்டும் அனுப்பிடாத. அவளாவது நல்லா இருக்கட்டும்.” இதையே திருப்பித் திருப்பி, வெவ்வேறு வார்த்தையில், மார்பில் அடித்துக்கொண்டு சொன்னாள். கண் மட்டும் என் பேனாவைவிட்டு நகரவில்லை.

நான் எழுதவேண்டியது என்ன? காய்ச்சலை எழுதக்கூடாது, பிள்ளை செத்ததை எழுதக்கூடாது. அதை எடுத்துவிட்டால் அந்தப் பேச்சில் மிச்சம் ஒன்றும் இல்லை. ஆனால் அவள் பேசிக்கொண்டேயிருக்கிறாள், பேனா ஓடியாகவேண்டும். இவ்விடம் யாவரும் க்ஷேமம் என்று எழுதினேன். மழை நன்றாகப் பெய்கிறது என்று எழுதினேன். இன்னும் முக்கால் தாள் வெள்ளையாக இருந்தது. பிள்ளை ஓடியாடி விளையாடுகிறான், சித்தி எங்கே சித்தி எங்கே என்று கேட்கிறான் என்று எழுதினேன். கொழுந்து பறிப்பது இளம்பெண்களுக்குச் சுளுவான வேலை, வருகிற மேஸ்திரியோடு மரியாயியை அனுப்பி வை, எனக்கும் துணையாக இருக்கும் என்று எழுதினேன். தாள் நிறைந்தது. அவள் ரேகை வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நல்லா இருப்பீங்க ஐயா” என்றாள்.

துரை சொல்லித்தான் செய்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பாதிப் பொய். காய்ச்சலை எழுதாதே என்றுதான் துரை சொன்னார். மரியாயியை வரச் சொல் என்று யாரும் சொல்லவில்லை. தாளை நிரப்ப என் கையே எழுதிய வரிகள் அவை. ஆள் வந்தால் துரைக்கும் பிடிக்கும் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பும் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து மேஸ்திரி கூட்டிவந்த புது ஆட்களோடு மரியாயி வந்து இறங்கினாள். பதினேழு பதினெட்டு வயது. கையில் மைசூர்ப் பக்கத்துச் சென்னபட்டணத்தில் செய்த மரக்குதிரைப் பொம்மை ஒன்று, அக்கா பிள்ளைக்கு என்று ராயப்பன் வாங்கிக் கொடுத்தது. காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் களத்தில், எல்லோர் எதிரிலும், சவரியம்மாள் அவளையும் அந்தக் குதிரையையும் பார்த்தாள். “உன்னை யாருடி வரச் சொன்னது?” என்று கத்தினாள். “நீதானேக்கா சொன்னே, கடுதாசில” என்று மரியாயி மடியிலிருந்து தாளை எடுத்தாள். இரண்டு பேரும் நேரே என்னிடம் வந்தார்கள். மேஸ்திரியும் பின்னாலேயே வந்து நின்றான். “ஐயா, இதுல இன்னா எழுதியிருக்குதுன்னு படிங்க” என்றாள் சவரியம்மாள்.

அப்போது உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணை அன்றைக்கே திருப்பி அனுப்பியிருக்கலாம். என் வேலை போயிருக்கும், அவ்வளவுதான். நான் தாளைக் கையில் வாங்கி, கண்ணை எழுத்தின்மேல் வைத்துக்கொண்டு, அன்று அவள் வாயால் சொன்னதை வாசித்தேன். பிள்ளை போய்விட்டான், மரியாயியை அனுப்பாதே என்று. தாளில் ஒன்று, வாயில் ஒன்று. சவரியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். “கேட்டியாடி? உங்கண்ணன் மாத்திப் படிச்சு உன்னைத் தள்ளிவுட்டுட்டான். மேஸ்திரிகிட்ட காசுக்குக் கை நீட்டிட்டான்.” மரியாயி அசையவில்லை. “எங்கண்ணன் அப்பிடிச் செய்யாது. இன்னொரு தடவ படிங்கய்யா” என்றாள். இரண்டாம் தடவை படித்தேன். முதல் தடவை சொன்ன வார்த்தைகள் அப்படியே வரவில்லை, முன்னது பின்னதாகிவிட்டது. சவரியம்மாள் அழுகையில் அதைக் கவனிக்கவில்லை. மரியாயி என் முகத்தைப் பார்த்தாள். ஒரு பெண் பிள்ளை, அதுவும் அன்றைக்குத்தான் மலை ஏறி வந்தவள், ரைட்டரைப் பொய்யன் என்று சொல்ல முடியுமா? இது ஆபீசில் இருக்கட்டும் என்று சொல்லித் தாளை நான் வைத்துக்கொண்டேன்.

ஒப்பந்தத்தில் ரேகை வைத்தபின் அது முடியாமல் மரியாயி இறங்க முடியாது. அடுத்த காய்ச்சல் காலத்தில் அவளும் போய்விட்டாள். சேதி கேட்டு ராயப்பன் மலை ஏறி வந்தார். சவரியம்மாள் லயத்துக் கதவைத் திறக்கவில்லை. உள்ளேயிருந்து, “நீ என் தம்பி இல்ல” என்ற குரல் மட்டும் வந்தது. அவர் ஆபீஸ் வராந்தாவுக்கு வந்து என் எதிரில் நின்றார். “ஐயா, அந்தக் கடுதாசிய ஒரு தடவ காட்டுங்க. நான் சரியாத்தான் படிச்சேன். என் கண்ணால படிச்சேன்” என்றார். கரையான் அரித்துவிட்டது என்றேன். அது என் டிரங்குப் பெட்டியில் வேட்டிக்கு அடியில் இருந்தது. அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். “அப்போ என் கண்ணுதான் தப்பாப் படிச்சிருக்கும். நீங்க படிச்சவரு, நீங்க ஏன் தப்பாப் படிக்கப் போறீங்க” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ராயப்பன் மாமாவுக்குப் படிக்கத் தெரியாது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். உனக்கு எட்டு வயதில் உன் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு போய் அவருக்கு அ, ஆ சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தாய். அவர் சிரித்துக்கொண்டே, “எனக்கு இன்னாத்துக்குப்பா அதெல்லாம்” என்று உன்னை மடியில் இழுத்துக்கொண்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவருக்கு உன்னைவிட நன்றாகப் படிக்கத் தெரியும். அன்றைக்கு மலை இறங்கியதிலிருந்து அவர் எதையும் படிப்பதில்லை. கோயிலில் எல்லோரும் செபப்புத்தகத்தைத் திறக்கும்போது அவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறாய். பேக்கரி முதலாளி கொடுக்கும் சீட்டிலிருந்து முனிசிபாலிட்டி நோட்டீஸ் வரை எல்லாவற்றையும் என்னிடம்தான் கொண்டுவருகிறார். “நீங்க படிச்சாத்தான் ரைட்டரய்யா எனக்கு மனசுக்கு நிம்மதி” என்கிறார். இருபது வருஷத்துக்குமேல் அவருக்குப் படித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பாதியில் நிறுத்தி இருமுவேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார்.

உன் அம்மாவின் மூச்சிரைப்புக்காகத்தான் மலையைவிட்டு வந்தோம் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். அதுவும் உண்டு. ஆனால் தினமும் களத்தில் சவரியம்மாள் என்னைப் பார்த்துக் கும்பிட்டதை என்னால் தாங்க முடியவில்லை. இங்கே உன் அம்மாவின் பிறந்தகம் அல்சூரில் இருந்ததால் வந்தோம். வந்த முதல் ஞாயிறே இரண்டு பெஞ்சு முன்னால் ராயப்பன் நிற்கிறார். ஒரு நாள் உன் அம்மா அந்தத் தாளைப் பெட்டியில் கண்டெடுத்தாள். என்னைக் கேட்டாள், சொன்னேன். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு, “ராயப்பண்ணன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டு வாங்க” என்றாள். நாளைக்கு என்றேன். அதற்கப்புறம் அவள் கேட்கும்போதெல்லாம் நாளைக்கு என்றுதான் சொன்னேன். போன வருஷம் அவள் போகும்வரை அந்த நாளை வரவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீ அங்கே போய் யார் வாயாலோ கேட்பதைவிட என்னிடமிருந்தே தெரிந்துகொள். கூலி ஜனங்களைப் புதைத்த இடம் ஏழாம் நம்பர் மலையின் ஓரம். காய்ச்சல் வருஷங்களுக்குப் பிறகு துரை அதையும் சேர்த்துத் தேயிலை வைக்கச் சொன்னார். ‘புதுத் திருத்தம்’, அதாவது புதிதாகத் திருத்திய நிலம், என்று ஆபீஸ் புத்தகத்தில் எழுதியதும் இந்தக் கைதான். மரியாயி இருப்பது ஓடைப் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசை, பலாமரத்துக்கு நேரே. சவரியம்மாள் மேஸ்திரியிடம் கெஞ்சி அந்த வரிசையைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டாள். வேறு யாரும் அதில் கொழுந்து கிள்ள விடமாட்டாள். நான் இறங்கும்வரை அப்படித்தான் இருந்தது.

உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் நீ உட்காரப் போவது அந்த நாற்காலி, உன் கையெழுத்தும் என் கையெழுத்து மாதிரியே வளைந்து வளைந்து இருக்கிறது. அதனால் கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் சொல்வதை எழுது. இரண்டே வரி சொன்னால் இரண்டே வரி எழுது. மிச்சத் தாளை அவர்கள் வெறித்துப் பார்த்தால், அது வெள்ளையாகவே இருக்கட்டும் என்று விட்டுவிடு. எழுதி முடித்ததும் உரக்கப் படித்துக் காட்டு, முடிந்தால் படிக்கத் தெரிந்த இன்னொருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி. எழுதக்கூடாது என்று மேலிருந்து சொன்னால் பேனாவை மூடி வைத்துவிட்டு இறங்கி வந்துவிடு. இந்த வீட்டில் உனக்கு இடம் உண்டு. வேலை இல்லாமல் வந்தாய் என்று நான் ஒரு நாளும் முகம் சுளிக்கமாட்டேன்.

நீ மைசூரில் சிநேகிதன் வீட்டில் இருப்பது வியாழக்கிழமை வரைதானே? இதைத் தபாலில் போடப்போவதில்லை. உறையை ஒட்டவும் இல்லை. அந்தப் பழைய கடுதாசியையும் இதோடு வைத்திருக்கிறேன். மடிப்பில் கிழிந்திருக்கிறது, எழுத்து அழியவில்லை, சவரியம்மாளின் ரேகையும் தெளிவாக இருக்கிறது. எழுதி முடித்ததும் எழுந்து போய், தெருக்கோடியில் ராயப்பன் வீட்டில், இரண்டையும் அவர் கையில் கொடுக்கப்போகிறேன். படித்துச் சொல்லுங்க ரைட்டரய்யா என்று நீட்டுவார். மாட்டேன், நீங்களே படியுங்கள் என்று சொல்லிவிட்டு எதிரில் நிற்பேன். அடித்தால் வாங்கிக்கொள்வேன். அவர் அடிக்கமாட்டார், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

படித்தபின் அவர் விரும்பினால் இதை எடுத்துக்கொண்டு மைசூருக்கு ரயில் ஏறுவார். அங்கிருந்து கூடலூருக்கு, இந்த யுத்தகாலத்தில் பெட்ரோலுக்குப் பதில் கரி போட்டு ஓட்டுகிற பஸ்தான், ஏற்றத்தில் இறங்கித் தள்ளச் சொல்வார்கள். அவரைத் தள்ள விடாதே, அவருக்கு வயதாகிவிட்டது. சவரியம்மாள் இன்னும் இருந்தால், அவரோடு அவள் வீட்டு வாசலுக்குப் போ. கதவு திறக்காவிட்டால் வெளியில் நின்றே பழைய கடுதாசியை முதலில் படி, எழுதியிருக்கிறபடியே, க்ஷேமம் என்பதிலிருந்து. பிறகு இதைப் படி. கையெழுத்து யாருடையது என்று கேட்டால் என் அப்பாவுடையது என்று சொல். நீ அதைச் சொல்ல வெட்கப்படுவாய் என்று தெரியும். வெட்கப்படு, ஆனால் சொல்லிவிடு.

இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேர்ந்திருந்தால், ராயப்பன் இத்தனை வருஷம் கழித்து, யார் உதவியும் இல்லாமல், இதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தன் கண்ணாலேயே படித்துவிட்டார் என்று தெரிந்துகொள்.

உன் அப்பா